செவ்வாயின் சுவடுகளும் அந்தமானின் பாடமும்

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம். செவ்வாய்க் கிரகத்தின் ஜெசிரோ பள்ளத்தருகே, என்றோ நீர் வற்றிப்போன ஓர் ஆற்றுத்தடத்தில், பெர்செவரன்ஸ் என்னும் ஆய்வு ஊர்தி ஒரு பாறையைத் துளைத்து, விரலளவு மாதிரியை எடுத்து ஒரு குழாயில் அடைத்துக்கொண்டது. அந்தப் பாறையில், சிறுத்தையின் தோலில் உள்ளவை போன்ற, கருமை சூழ்ந்த வெளிர்நிறப் புள்ளிகள் இருந்தன. அவற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமமும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமும் இருப்பதாக ஆய்வுக் கருவிகள் காட்டின. பூமியில் ஈரச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இத்தகைய கனிமங்களை உண்டாக்குவது உண்டு. உயிரின் தொடர்பே இல்லாமல் இவை தோன்றுவதும் உண்டு. ஓராண்டுக்கும் மேலாக ஆராய்ந்த பிறகு, 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை, இது முற்காலத்து உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும் என்ற அளவோடு நின்றுகொண்டது.

'இருக்கிறது' என்று கூறாமல் 'இருக்கக்கூடும்' என்று கூறியதில் ஒரு தவம் இருக்கிறது. பல்லாண்டு உழைப்பின் பலன் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும்போது, அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று நாவை அடக்குவது எளிதன்று.

இந்தத் தேடலில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, அறிவைப் பற்றியது: கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவ்வளவு தூரம் நமக்கு உணர்த்த முடியும்? இரண்டாவது, அறத்தைப் பற்றியது: தேடுகின்ற ஒருவன், தான் தேடும் உயிரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் ஒருங்கே எழுப்பும் இடம் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. அது அந்தமான் தீவுக்கூட்டம்.

பாராடாங்கின் சேறு

அந்தமான் நிக்கோபாரின் தலைநகர் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து சாலை வழியே வடக்கு நோக்கிச் சுமார் 100 கிலோமீட்டர் சென்று, ஒரு நீரிணையைக் கடந்தால் பாராடாங் தீவு வரும். காட்டின் நடுவே ஒரு திறந்த வெளியில் சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுக் கொண்டிருக்கும். இதனைச் சேற்று எரிமலை என்கிறார்கள். பெயரில் எரிமலை என்று இருந்தாலும் இங்கே எரிவது எதுவும் இல்லை. சேறு குளிர்ச்சியாகவே இருக்கும்.

இந்தியப் பெருந்தட்டு இப்பகுதியில் கிழக்கே இருக்கும் தட்டின் அடியில் நழுவிச் செல்கிறது. அப்போது கடலடியில் காலங்காலமாகப் படிந்த வண்டல் நசுங்குகிறது. அதனுள் சிக்கிய நீரும் வாயுவும் வெளியேற வழி தேடி, நொறுங்கிய களிமண்ணையும் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. வரும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். 2003-இலும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தை ஒட்டியும், பிறகு 2025 அக்டோபரிலும் இங்கே சேறு வேகமாகப் பீறிட்டு எழுந்தது.

இதற்கும் செவ்வாய்க்கும் என்ன தொடர்பு? செவ்வாயின் வடபகுதியில் அசிடாலியா என்ற பரந்த சமவெளி உள்ளது. அதில் வட்டவடிவமான, வெளிர்நிற மேடுகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. 2010-இல் இரு ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட மேடுகளை வரைபடத்தில் குறித்து, இவை சேற்று எரிமலைகளாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அது உண்மையானால், பாராடாங்கில் நிகழ்வதைப் போலவே, ஆழத்தில் புதைந்திருந்த பழைய வண்டல் அங்கே மேற்பரப்புக்கு வந்திருக்கும். மேற்பரப்பின் கடுங்கதிர்களுக்குத் தப்பி ஆழத்தில் உயிரின் சுவடு ஏதேனும் மிஞ்சியிருந்தால், அது அந்தச் சேற்றோடு வெளிவந்திருக்கவும் கூடும்.

ஆனால் உருவ ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. செவ்வாயின் காற்றழுத்தம் மிகக் குறைவு. அந்த நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, சேற்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. சேற்றின் மேற்பரப்பு உடனே உறைந்து, உள்ளே இருந்த ஈரச்சேறு அந்த ஓட்டைப் பிளந்துகொண்டு ஓடி, எரிமலைக் குழம்பு உறைந்தது போன்ற தோற்றத்தைத் தந்தது. ஆக, அங்கே எரிமலைக் குழம்பாகத் தோன்றுவது சேறாக இருக்கலாம். சேறாகத் தோன்றுவது எரிமலைக் குழம்பாகவும் இருக்கலாம்.

ஆற்று வெள்ளமும் எறும்பும் மயிலும்

அடையாளத்தைக் கொண்டு அடையாளத்திற்கு உரியதை அறிவதை நம் முன்னோர் அனுமானம் என்றனர். தமிழ் நூல்கள் அதனைக் கருதலளவை என்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதை, எது நல்ல ஏது, எது போலி ஏது என்பதையே விரிவாக ஆராய்கிறது. ஒரு காப்பியத்தின் நாயகி தருமத்தை ஏற்பதற்கு முன் தர்க்கத்தைக் கற்கிறாள் என்பது சிந்திக்கத் தக்கது.

கௌதமரின் நியாய சூத்திரத்திலும் அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையிலும் இதைப் பற்றி ஒரு சுவையான வாதம் வருகிறது. ஆற்றில் வெள்ளம் பெருகுவதைக் கண்டு மேற்கே மலையில் மழை பெய்தது என்று ஊகிக்கிறோம். எறும்புகள் முட்டையைச் சுமந்து செல்வதைக் கண்டு மழை வரும் என்று ஊகிக்கிறோம். மயிலின் குரலைக் கேட்டு அருகில் மயில் இருக்கிறது என்று ஊகிக்கிறோம். எதிர்வாதி கேட்கிறான்: கீழே யாரோ அணை கட்டியதால் ஆறு உயர்ந்திருக்கக் கூடாதா? யாரோ புற்றைக் கலைத்ததால் எறும்புகள் ஓடக் கூடாதா? ஒரு மனிதன் மயிலைப் போலக் குரல் எழுப்பியிருக்கக் கூடாதா? மூன்றிலும் அடையாளம் பொய்க்கிறதே! பின் அனுமானத்தை எப்படி நம்புவது?

சித்தாந்தியின் விடை ஆழமானது. வெறுமனே நீர் உயர்ந்ததைக் கண்டு எவரும் மழையை ஊகிப்பதில்லை. நீர் கலங்கியிருக்கிறது, வேகம் மிகுந்திருக்கிறது, நுரையும் இலையும் பழமும் மரக்கட்டையும் மிதந்து வருகின்றன. இத்தனையும் சேர்ந்த வெள்ளத்தைக் கண்டே ஊகிக்கிறோம். அணைகட்டி நின்ற நீர் அப்படி இராது. ஒரு புற்றில் சில எறும்புகள் ஓடுவது வேறு. பல இடங்களில் எறும்புகள் கூட்டங்கூட்டமாக முட்டை சுமப்பது வேறு. அடையாளத்தைச் சரியாகப் பார்க்காமல் அவசரப்பட்டது ஊகித்தவனின் குற்றமே தவிர, அனுமானத்தின் குற்றம் அன்று.

செவ்வாயில் நீர் இருந்தது என்ற முடிவு, இந்த வாதத்தின் வழியிலேயே படிப்படியாக உறுதிப்பட்டது. 1965-இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் வறண்ட பள்ளங்களே தெரிந்தன. 1971-இல் சென்று சுற்றிவரத் தொடங்கிய மாரினர் 9, கிளைவிட்ட ஆற்றுத்தடங்களைப் போன்ற பள்ளத்தாக்குகளைக் காட்டியது. அவை ஆறு உயர்ந்தது போன்ற பொது அடையாளம் மட்டுமே; எரிமலைக் குழம்பும் தடம் பதிக்கும் அல்லவா? 2004-இல் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி, ஹெமடைட் என்னும் இரும்புக் கனிமம் செறிந்த சிறு உருண்டைகளையும், நீரின்றி உண்டாகாத ஜாரோசைட் என்ற கனிமத்தையும் கண்டது. இதே ஜாரோசைட் குஜராத்தின் கட்ச் பகுதியில் மாத்தாநோ மட் என்ற ஊரருகே கிடைப்பதால், இந்திய அறிவியலாளர்கள் அவ்விடத்தைச் செவ்வாய்க்கு ஒப்பாக வைத்து ஆராய்கின்றனர். 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி, நீரோட்டத்தில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய கூழாங்கற்களைக் கண்டது. பிறகு ஏரியடியில் படிந்த மென்சேற்றுப் பாறையையும் கண்டது. இவையே வெள்ளத்தோடு வரும் நுரையும் இலையும் கட்டையும். இனி 'அணை' என்ற ஐயத்திற்கு இடமில்லை. செவ்வாயில் முற்காலத்தில் நீர் ஓடியது, தேங்கியும் நின்றது.

உயிரைப் பற்றிய அனுமானம் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது பிழையற்ற தொடர்பு. அதையே திருப்பி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? ஈர விறகு என்ற துணைநிலை சேர்ந்தால்தான் புகை வரும். தார்க்கிகர்கள் இத்தகைய மறைந்த துணைநிலையை உபாதி என்று பெயரிட்டு, ஒவ்வோர் ஊகத்திலும் அது ஒளிந்திருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள்.

மீத்தேனை எடுத்துக்கொள்வோம். பாராடாங்கின் சேற்றில் குமிழியிடும் மீத்தேன், வண்டலில் புதைந்த பழைய உயிர்ப்பொருள்களின் எச்சம். ஆனால் மீத்தேன் உள்ள இடமெல்லாம் உயிர் உண்டு என்று கூற முடியாது. ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த பாறையோடு நீர் வினைபுரியும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அது கரியமில வாயுவோடு சேர்ந்து, எந்த உயிரின் உதவியும் இன்றி, மீத்தேனாகவும் மாறலாம். பெருங்கடலின் அடியிலிருந்து உயர்த்தப்பட்ட அத்தகைய பாறைகளும் தெற்கு அந்தமானிலும் ரட்லண்டு தீவிலும் உள்ளன. ஒரே தீவுக்கூட்டத்தில் இரண்டு வகை வாய்ப்புகளும் அருகருகே இருக்கின்றன.

2013 நவம்பரில் ஏவப்பட்டு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த இந்தியாவின் மங்கள்யான், மீத்தேனை உணரும் கருவி ஒன்றையும் சுமந்து சென்றது. கியூரியாசிட்டி ஊர்தி தரைமட்டத்தில் அவ்வப்போது சிறிதளவு மீத்தேன் தலைகாட்டி மறைவதாகத் தெரிவித்தது. ஆனால் ஐரோப்பிய-ரஷ்ய விண்கலம் ஒன்று மிக நுட்பமான கருவியால் வளிமண்டலத்தில் தேடி, மீத்தேன் இல்லை என்று 2019-இல் அறிவித்தது. இந்த முரண் இன்னும் தீரவில்லை. புகை உண்டா என்பதே தெளியாதபோது நெருப்பைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?

காணாமை எப்போது சான்றாகும்?

'தேடினோம், காணவில்லை, ஆகவே இல்லை' என்பதும் ஒருவகை அனுமானமாகத் தோன்றும். மீமாம்சகரான குமாரிலரும் பின்வந்த வேதாந்திகளும் இதனைத் தனியோர் அளவையாகவே கொண்டு, அனுபலப்தி என்றனர். ஆனால் அதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் போனால்தான் 'இல்லை' என்று கூறலாம். வெளிச்சம் நிறைந்த அறையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாவிட்டால், அது இருட்டின் செய்தியே தவிரக் குடத்தின் செய்தி அன்று.

1976-இல் செவ்வாயில் இறங்கிய இரு வைகிங் கலங்களின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சோதனையில், மண்ணில் ஊட்டக்கரைசலைச் சேர்த்தபோது வாயு வெளிவந்தது. உயிர் இருப்பதைப் போன்ற விடை அது. ஆனால் மண்ணைச் சூடாக்கி, அதில் கரிமச் சேர்மங்கள் உண்டா என்று தேடிய வேறொரு கருவி, செவ்வாய்க்கே உரியதாக எதையும் காணவில்லை. கரிமம் இல்லாமல் உயிர் ஏது என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்டது. அந்த உப்பு இருக்கும் மண்ணைச் சூடாக்கினால், அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் எரிந்து அழியும். தேடிய முறையே தேடிய பொருளை அழித்திருக்கக்கூடும்! 2018-இல் கியூரியாசிட்டி, மூன்று பில்லியன் ஆண்டு பழமையான சேற்றுப் பாறையில் கரிமச் சேர்மங்கள் இருப்பதை உறுதி செய்தது. அதனால் உயிர் உண்டு என்று ஆகிவிடவில்லை. 1976-இன் 'காணவில்லை' என்பது இருட்டறையில் சொல்லப்பட்டது என்பது மட்டும் தெளிவாயிற்று.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகனிடம் உப்பை நீரில் போடச் சொல்கிறார். மறுநாள் அதைத் திருப்பிக் கேட்கிறார். கண்ணால் தேடிய மகனுக்கு உப்பு அகப்படவில்லை. பருகிப் பார்த்தபோது மேலும் உப்பு, நடுவிலும் உப்பு, அடியிலும் உப்பு. கண்ணுக்கு அகப்படாதது நாவுக்கு அகப்பட்டது. எதைத் தேடுகிறோமோ அதற்கு உரிய கருவியால் தேட வேண்டும் என்பது அந்தத் தந்தை சொல்லாமல் சொன்ன பாடம்.

விருப்பம் வரையும் கோடுகள்

கருவி சரியாக இருந்தாலும் மனம் சரியாக இல்லாவிட்டால் அடையாளம் திரிந்துவிடும். 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி, செவ்வாயின்மீது மெல்லிய கோடுகளைக் கண்டு அவற்றைத் தம் மொழியில் கால்வரிகள் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். அச்சொல் ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்கள் என்று ஆகிவிட்டது. அமெரிக்கச் செல்வரான பெர்சிவல் லோவெல், 1894-இல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் நிறுவி, ஆண்டுக்கணக்கில் நோக்கி, நூற்றுக்கணக்கான கால்வாய்களை வரைந்தார். துருவத்தின் பனிநீரைக் கொண்டு வறண்ட நிலத்தைக் காக்கப் போராடும் அறிவார்ந்த இனம் ஒன்று அங்கே வாழ்வதாக எழுதினார். 1909-இல் பாரிஸ் அருகே பெரிய தொலைநோக்கி ஒன்றின் வழியே நோக்கிய அந்தோனியாடி, அந்தக் கோடுகள் ஒழுங்கற்ற திட்டுகளாகக் கலைந்து போவதைக் கண்டார்.

லோவெல் பொய்யர் அல்லர், உழைப்பாளி, நேர்மையாளர். இருந்தும் அவர் கண்டது தம் விருப்பத்தையே. கயிற்றைப் பாம்பாகக் காண்பதற்கு அச்சம் காரணமாகிறது. சிப்பியை வெள்ளியாகக் காண்பதற்கு ஆசை காரணமாகிறது. விருப்பு வெறுப்புகளைக் களையாமல் அறிவு தூய்மையாகாது என்று வேதாந்தம் கூறுவது ஆன்ம சாதகர்களுக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று. தொலைநோக்கியின் பின்னால் அமர்பவருக்கும் அதுவே பொருந்தும்.

தேடி வந்தவர்கள் கொண்டு வந்தது

வானில் கற்பனை மனிதர்களின் கால்வாய்கள் வரையப்படத் தொடங்கிய அதே 1877-ஆம் ஆண்டில், அந்தமானில் உண்மையான மனிதர்கள் மடிந்துகொண்டிருந்தனர்.

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். தீவின் பழங்குடியினரை வசப்படுத்த 1863-இல் ராஸ் தீவில் ஓர் இல்லம் அமைத்தனர். 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று அழைக்கப்படுவது அதுவே. உணவும் உடையும் தந்து, மொழி கற்றுக் கொடுத்து, நாகரிகப்படுத்துவதே அந்த இல்லத்தின் நோக்கம். அதை நடத்தியவர்கள் அதனைக் கருணை என்றே நம்பினார்கள். ஆனால் அந்த நெருக்கம் நோய்க்கு வாசலாயிற்று. 1877-இல் தட்டம்மை பரவியது. அதனை எதிர்க்கும் ஆற்றலை அம்மக்களின் உடல் ஒருபோதும் பெற்றிருக்கவில்லை. பத்துப் பிரிவுகளாக, ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கிரேட் அந்தமானியர், 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். இன்று சில பத்துப் பேரே எஞ்சியுள்ளனர். 2010 ஜனவரியில் போவா என்ற முதிய பெண்மணி காலமானபோது, அவர்களின் மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேச உலகில் எவரும் இல்லாமல் போயினர். தம் மொழியில் பேசத் துணையின்றி அவர் வாழ்ந்த இறுதி ஆண்டுகளை எண்ணினால் நெஞ்சு கனக்கும்.

பாராடாங்கின் சேற்று எரிமலையைக் காணச் செல்லும் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. 1990-களின் இறுதியில் ஜாரவாக்கள் தாமாகவே வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையேயும் தட்டம்மை பரவியது. இம்முறை மருத்துவம் அவர்களைக் காத்தது. அந்தச் சாலையை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும், சாலை மூடப்படவில்லை. காவலுடன் அணிவகுத்து மட்டுமே வண்டிகள் செல்லலாம், நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, உணவு தரக்கூடாது என்ற விதிகள் உள்ளன. சேற்றைப் பார்க்கப் போகிறவர்களுள் சிலர், வழியில் மனிதர்களை வேடிக்கை பார்க்கவும் விரும்பினார்கள் என்பதால்தான் அவ்விதிகள் தேவைப்பட்டன.

மேற்கே வடக்கு சென்டினல் தீவு உள்ளது. அதன் மக்கள் அயலாரை ஏற்பதில்லை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதி அங்கே செல்வதைத் தடுக்கிறது. அதன் பின்னும் மானுடவியலாளர்கள் அரசின் சார்பில் பரிசுப் பொருள்களுடன் கரையருகே சென்று வந்தனர். 1991-இல் அம்மக்கள் முதன்முறையாக நெருங்கி வந்து தேங்காய்களைப் பெற்றுக்கொண்டனர். பல ஆண்டு முயற்சிக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதே பத்தாண்டுகளுக்குள் அரசு அப்பயணங்களை நிறுத்திவிட்டது. கிரேட் அந்தமானியருக்கு நேர்ந்தது மீண்டும் நேரலாகாது என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். வெற்றி கைகூடிய வேளையில் கையை விலக்கிக்கொள்வது அரிய செயல். 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு, அம்மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. ஒருவர் வெளிவந்து அதை நோக்கி அம்பு தொடுத்தார். கேட்ட கேள்விக்கு அதுவே போதுமான விடையாக இருந்தது.

2018 நவம்பரில் தம் சமயத்தை அம்மக்களிடம் கொண்டுசெல்லும் ஆர்வத்தால், சட்டத்தை மீறி அங்கே இறங்கிய ஓர் அமெரிக்க இளைஞர் உயிரிழந்தார். அவர் தீங்கு நினைத்துச் சென்றவர் அல்லர். 1863-இல் இல்லம் அமைத்தவர்களும் தீங்கு நினைக்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் ஒரு செயலைத் தருமமாக்கிவிடாது. அச்செயலால் மற்றவருக்கு என்ன நேரும் என்று அறிந்துகொள்வதும் தருமத்தின் பகுதியே.

தொடாமல் காப்பது

விண்வெளி ஆய்விலும் இதைப் போன்ற கட்டுப்பாடு உண்டு. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பிற கோள்களைத் தீங்குண்டாகும் வகையில் மாசுபடுத்தலாகாது என்கிறது. காஸ்பார் என்னும் பன்னாட்டு அமைப்பு அதற்கான நெறிகளை வகுத்துள்ளது. வைகிங் கலங்கள் புறப்படுமுன் பல மணி நேரம் வெப்பமூட்டப்பட்டு, அவற்றிலிருந்த நுண்ணுயிர்கள் அழிக்கப்பட்டன. அவ்வளவு கடுமையாகத் தூய்மை செய்யப்படாத ஊர்திகள், இன்று நீர் இருக்கக்கூடும் என்று கருதப்படும் இடங்களுக்குள் செல்லலாகாது. உயிர் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள இடமே, நெருங்க மிகுந்த தயக்கம் காட்ட வேண்டிய இடமும் ஆகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நுண்ணுயிரையும் மனிதரையும் ஒப்பிடுவது தகுமா? தகாது. சென்டினல் தீவினர் எவருடைய ஆய்வுப்பொருளும் அல்லர். பழங்காலத்தின் எச்சமும் அல்லர். அவர்கள் இந்நூற்றாண்டின் மனிதர்கள். தம் காட்டையும் கடலையும் அறிந்தவர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உடையவர்கள். இங்கே ஒப்பிடப்படுவது தேடப்படுவோர் அல்ல, தேடுகிறவனின் ஒழுக்கம். அவன் தன் காலடியில் எதைச் சுமந்து செல்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தானா என்பதே இரண்டிடத்திலும் கேள்வி.

இன்னொரு மறுப்பும் உண்டு: எட்டி நிற்பது கைவிடுவதற்கு ஒப்பாகாதா? நோயுற்றால் யார் பார்ப்பார்கள்? கைவிடுதல் வேறு, காத்து நிற்றல் வேறு. கைவிட்டவன் திரும்பிப் பார்ப்பதில்லை. காப்பவன் கடலில் அயலார் நுழையாமல் கண்காணிக்கிறான். பேரலை வந்தால் நலம் அறியச் செல்கிறான். ஜாரவாக்களுக்கு நேர்ந்ததைப் போல நோய் புகுந்துவிட்டால் மருத்துவத்தோடு நிற்கிறான். பிள்ளை உறங்கும் அறையின் வாசலில் காவல் இருக்கும் தாய், பிள்ளையைக் கைவிட்டவள் ஆக மாட்டாள்.

மூன்றாவது கேள்வி கடினமானது. செவ்வாயில் ஒரு நுண்ணுயிர் இருந்தால், அதனிடம் மனிதனுக்குக் கடமை உண்டா? தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக வைத்தே உயிர்களின் வரிசையைத் தொடங்குகிறது. சமணர், மண்ணிலும் நீரிலும்கூட உயிர்கள் உண்டு என்று கருதித் தம் அடிச்சுவட்டையும் எண்ணி வைத்தனர். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா விளங்குவதாக வேதாந்தம் கூறுகிறது. இவற்றின் தத்துவங்கள் வேறுபட்டாலும், உயிரின் மதிப்பை அதன் அளவாலோ அறிவாலோ மட்டும் அளக்கலாகாது என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. கடமை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அழித்தபின் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. ஆகவே ஐயம் இருக்கும்வரை பொறுத்திருப்பதே அறம்.

ஜெசிரோ பள்ளத்தருகே எடுக்கப்பட்ட அந்த மாதிரி, குழாயில் அடைபட்டு இன்னும் செவ்வாயிலேயே இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் நாள் உறுதியாகவில்லை. வரும்போதும், அதனால் பூமியின் உயிர்களுக்குத் தீங்கு நேராதபடியும், பூமியின் உயிர்களால் அது மாசுபடாதபடியும் காக்க வேண்டியிருக்கும். அதுவரை அறிவியலாளர்கள் 'இருக்கக்கூடும்' என்ற சொல்லோடு வாழ வேண்டும். மெய்ப்பொருளைத் தேடும் சாதகனுக்கு இந்த நிலை புதிதன்று. அறியாததை அறிந்ததாகக் கூறாமல், காணாததை இல்லை என்று தள்ளாமல், தேடும் ஆர்வத்தில் பிற உயிரை மிதித்துவிடாமல் நடக்க அவனும் நாள்தோறும் பழகுகிறான். உண்மையை அடையும் தகுதி, அவன் எடுத்துவைக்கும் அந்த ஒவ்வோர் அடியிலும் உருவாகிறது.